6 மில்லியன் வோல்ட்டும் அரை ஸ்பூன் டீயும்

(பாட்காஸ்ட் பேச்சின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி பள்ளிகொண்டாவிலிருந்து வாய்ஸ் மெசேஜாக வந்தது. அனுப்பியவர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் சொன்னது சுருக்கமா இதுதான்:

"சார், அம்மாவுக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப வேலூர்ல கரண்ட் வைக்கிறாங்க. ஃபைல்ல 6 எம்.வி.ன்னு போட்டிருக்கு, கேட்டா மெகா வோல்ட்டாம். எங்க கம்பெனியில 440 வோல்ட் லைன்லயே கை வைக்க மாட்டோம். மொத்தம் 5000-ன்னு வேற எழுதியிருக்கு. உள்ள எல்லாம் வெந்து போயிடுமோன்னு அம்மா பயப்படுது. இன்னொண்ணு, வீட்டுல ஆறு மாசக் குழந்தை இருக்கு. அம்மா தூக்கலாமா, கூடாதா?"

தம்பி, வைத்தியத்தைப் பத்தி உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீங்க கேட்ட கேள்வியில பாதி வைத்தியம் இல்லை, அளவுக் கணக்கு. மெகா வோல்ட், 5000, வெந்து போறது, இந்த மூணும் மூணு வேற வேற அளவுகோல். அணுவோட உலகத்துல ஒரு அளவு, நம்ம வீட்டு மீட்டர்ல ஒரு அளவு. ரெண்டையும் ஒண்ணா நினைச்சா பயம் வரத்தான் செய்யும். அதனால இந்த எபிசோட் முழுக்க ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு மாத்துற வேலைதான்.

முதல்ல அந்த வார்த்தை. நம்ம பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையை யாரும் அப்படிச் சொல்றதில்லை. "கரண்ட் வைக்கிறாங்க"ன்னுதான் சொல்வாங்க. யார் ஆரம்பிச்சாங்களோ, பாவம், அந்த ஒரு வார்த்தையாலயே எத்தனையோ பேர் டிரான்ஸ்ஃபார்மரை நினைச்சுக்கிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போறாங்க. அம்மா உடம்புல மின்சாரம் எதுவும் பாயறதில்லை. ஒயர் எதுவும் தொடறதில்லை. எக்ஸ்ரே மாதிரி ஒளிதான் போகுது. ஆனா அது வலுவான எக்ஸ்ரே.

அப்ப அந்த 6 மெகா வோல்ட் எங்கேருந்து வந்தது? வோல்ட்டுங்கிறது தள்ளுற அழுத்தம். அது மட்டுமே ஆற்றல் ஆகாது. பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடன்னு பொறி பறக்குதே, அதுலயே சில ஆயிரம் வோல்ட் இருக்கும். ஆனா நகர்ற மின்னூட்டம் ரொம்பக் கொஞ்சம், அதனால சுரீர்னு ஒரு கடி, அவ்வளவுதான். உங்க 440 வோல்ட் லைன் ஆளைக் கொல்றதுக்குக் காரணம் பின்னாடி கணக்கில்லாம எலெக்ட்ரான் வரிசையா நிக்கிறது.

இப்ப ஒரே ஒரு எலெக்ட்ரானை எடுத்து ஒரு வோல்ட் வழியா தள்ளுங்க. அது வாங்கிக்கிற ஆற்றலுக்குப் பேர்தான் ஒரு எலெக்ட்ரான் வோல்ட். ஜூல் கணக்குல அது 1.602176634 × 10⁻¹⁹. இந்த எண்ணுல மேலும் கீழும் தள்ளாட்டம் கிடையாது. 2019 மே 20-லிருந்து எலெக்ட்ரானோட மின்னூட்டத்தையே இந்த எண்ணா நிலைநிறுத்திட்டாங்க. நாம 1.6-ன்னே வச்சுக்கலாம்.

ஜூல் எவ்வளவு பெருசு? 100 கிராம் டீத்தூள் பாக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கி வச்சா ஏறக்குறைய ஒரு ஜூல். ஈ.பி. மீட்டர்ல ஓடுற ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். அதை எலெக்ட்ரான் வோல்ட்ல எழுதினா 2.25 × 10²⁵. நம்ம வாயில சொல்லணும்னா இருபத்திரெண்டாயிரத்து ஐநூறு கோடி கோடி கோடி. யாரும் ஈ.பி. பில்லை அப்படி அடிக்கப் போறதில்லை. ஆத்து மணலை லோடு கணக்குல வாங்குறோம், யாராவது எண்ணியா வாங்குறாங்க?

சரி, மெஷினுக்கு வருவோம். உள்ள எலெக்ட்ரானுங்களை மைக்ரோவேவ் அலை மேல ஏத்தி, ஒரு உலோகக் குழாய்ல வேகமா ஓட விடுறாங்க. கடைசியில ஒவ்வொரு எலெக்ட்ரானும் 6 மில்லியன் வோல்ட் வழியா விழுந்தா எவ்வளவு ஆற்றல் கிடைக்குமோ அவ்வளவு வாங்கியிருக்கும். அது டங்ஸ்டன் தகட்டுல மோதி நிக்கும்போது எக்ஸ்ரே கிளம்புது. அதனால 6 எம்.வி.ன்னா, வர்ற எக்ஸ்ரே துகள்ல ஒண்ணு அதிகபட்சம் 6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வச்சிருக்கும்னு அர்த்தம். சராசரி அதுல மூணுல ஒரு பங்குதான், 2 மில்லியன் பக்கம்.

அந்த 6 மில்லியனை ஜூலுக்கு மாத்துங்க. 0.00000000000096. ஒரு டீத்தூள் பாக்கெட்டைத் தூக்கணும்னா இந்த மாதிரித் துகள் ஒரு லட்சம் கோடி வேணும். வோல்ட்டுல பார்த்தா பூதம், ஜூல்ல பார்த்தா தூசி. உங்க முதல் பயம் இங்கேயே பாதி தீர்ந்திருக்கணும்.

அடுத்தது 5000. பல ஆஸ்பத்திரி ஃபைல்ல சென்டிகிரே கணக்குல எழுதுவாங்க. 5000 சென்டிகிரேன்னா 50 கிரே. பழைய காலத்துல ராட்னு ஒரு அளவு இருந்தது, ஒரு சென்டிகிரேயும் ஒரு ராடும் ஒண்ணு. பழகிப்போன எண்ணை விட மனசில்லாம சென்டிகிரேன்னு வச்சுக்கிட்டாங்கன்னு நினைக்கத் தோணும். கிரேங்கிறது எளிமையான அளவு: ஒரு கிலோ சதையில ஒரு ஜூல் இறங்கினா ஒரு கிரே. வழக்கமா ஒரு நாளைக்கு 2 கிரே, 25 நாள், மொத்தம் 50. உங்க அம்மா ஃபைல்லயும் 200-ன்னு ஒரு எண் எங்கயாவது இருக்கான்னு பாருங்க.

கதிர் படற இடம் சுமார் ஒரு கிலோன்னு வச்சுக்குவோம். 25 நாளும் சேர்த்து 50 ஜூல். உங்க வீட்டு 10 வாட் எல்.இ.டி. பல்ப் அஞ்சு செகண்ட் எரிய ஆகிற ஆற்றல். மொத்த சிகிச்சைக்கும் அவ்வளவுதான்! ஒரு நாள் 2 கிரேயால அந்த இடத்துல சூடு எவ்வளவு ஏறும்? ஒரு டிகிரியில இரண்டாயிரத்துல ஒரு பங்கு. தெர்மாமீட்டருக்கே தெரியாது. அதனால அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க, உள்ள எதுவும் வேகறதில்லை.

இங்கே நிறுத்திட்டா நான் உங்களை ஏமாத்தின மாதிரி ஆகிடும். ஏன்னா உங்களுக்கே அடுத்த கேள்வி வரும்: இவ்வளவு அற்பமான ஆற்றல்னா அது கட்டியை எப்படிக் கொல்லும்? சும்மா ஊரை ஏமாத்துற வேலையா?

இதைவிடக் கூரான உதாரணம் ஒண்ணு இருக்கு. 60 கிலோ ஆளோட முழு உடம்புலயும் ஒரே தடவையில 4 கிரே இறங்கினா, வைத்தியம் கிடைக்கலைன்னா பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான். 60 கிலோவுக்கு 4 கிரேன்னா 240 ஜூல். அது எவ்வளவு தெரியுமா? குடிக்கிற சூட்டுல இருக்கிற டீ, உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது கிராமுக்கு 80, 90 ஜூல் விடும். அப்படின்னா அரை ஸ்பூன் டீ. அரை ஸ்பூன் டீயால யாரும் சாகறதில்லை. ஆனா அதே ஆற்றல் வேற உருவத்துல வந்தா ஆள் உயிருக்கு ஆபத்து. (உங்க அம்மாவுக்கு முழு உடம்புக்கும் கொடுக்கல, ஒரு சின்ன இடத்துக்கு, நாள் பிரிச்சுக் கொடுக்கிறாங்க. இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

ஆக ஜூலும் யூனிட்டும் இங்க உண்மையைச் சொல்ற அளவுகோல் இல்லை. எவ்வளவு ஆற்றல் வந்ததுங்கிறதைவிட அது எவ்வளவு பெரிய நோட்டா வந்ததுங்கிறது முக்கியம். இதுக்கு உங்க ஊர்லயே நல்ல பாடம் இருக்கு. தோல்.

பச்சைத் தோல் துண்டைத் தண்ணியில போட்டு மெதுவா சூடாக்கினா 60, 65 டிகிரியில சுருண்டுக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதம் பண்ணின தோல் 75, 80-க்கு மேலயும் தாங்கும். குரோம் போட்ட வெட் ப்ளூ கொதிக்கிற தண்ணியையே தாங்கும். அதனாலதான் டேனரியில ஒரு துண்டு வெட்டி, காகிதத்துல வச்சு அதோட ஓரத்தைப் பென்சிலால வரைஞ்சுட்டு, கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடியும் அந்தக் கோட்டு மேல வச்சுப் பார்க்கிறாங்க. சுருங்கலைன்னா பதம் சரி. உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.

இந்தச் சுருக்கம் ஏன் வருது? தோல் முக்கியமா கொலாஜன்ங்கிற புரதம். அது மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி. அந்த முறுக்கைக் கண்டுபிடிச்சதே நம்ம சென்னையிலதான். சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல அந்த மூவிழை அமைப்பை வெளியிட்டாங்க. கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரேயில பார்த்துச் செஞ்ச வேலை. பக்கத்துலயே அடையாறுல 1948-ல ஆரம்பிச்ச மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது அவங்களுக்கு வசதியாப் போச்சு. தோல் தொழில்ல இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பேரைச் சொல்லித் தர்றாங்களான்னு எனக்குச் சந்தேகம். தரணும்.

அந்த இழைகளை ஒண்ணோட ஒண்ணு கட்டி வச்சிருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு பிணைப்புக்கு சுமார் 0.2 எலெக்ட்ரான் வோல்ட். ஆனா ஒவ்வொரு இழையையும் இழையா வச்சிருக்கிற கார்பன்-கார்பன் பிணைப்புக்கு 3.6 எலெக்ட்ரான் வோல்ட். பார்த்தீங்களா, அணு அளவுல வந்த உடனே எண்கள் எவ்வளவு அழகா நம்ம கைக்குள்ள அடங்குது. இதுக்காகத்தான் இந்த அளவை வச்சிருக்காங்க.

பிளஸ் டூ படிக்கிறவங்களுக்கு இங்க ஒரு குறிப்பு. உங்க வேதியியல் புத்தகத்துல இதே பிணைப்பு கிலோ ஜூல்/மோல்னு இருக்கும். கார்பன்-கார்பனுக்கு 347. அது ஒரு பிணைப்புக்கு இல்லை, 6.022 × 10²³ பிணைப்புக்கு மொத்தமா. 96.5-ஆல வகுத்தா எலெக்ட்ரான் வோல்ட் வந்துடும்: 347-ஐ 96.5-ஆல வகுத்தா 3.6. அவகாட்ரோ எண்ணையும் எலெக்ட்ரானோட மின்னூட்டத்தையும் பெருக்கினதுதான் அந்த 96.5, கடைசியில ஆயிரத்தால வகுத்துக்கணும். மின்வேதியியல்ல ஃபாரடேன்னு படிச்சீங்களே, 96,500, அதே ஆள் இங்க வேஷம் மாத்தி நிக்கிறார். இந்த ஒரு எண் மனசுல இருந்தா ரெண்டு பாடப் புத்தகத்துக்கும் நடுவுல ஒரு கதவு திறந்துடும்.

இப்ப சூடு. சூடுன்னா மூலக்கூறுங்க கையில புழங்குற சில்லறை. சாதாரண அறை வெப்பத்துல அந்தச் சில்லறையோட அளவு 0.0257 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது நாற்பதுல ஒரு பங்கு. 65 டிகிரியில 0.029. கொதிக்கிற தண்ணியிலகூட 0.032-தான். 25-லிருந்து 65 டிகிரி வரை ஒரு கிலோ ஈரத் தோலைச் சூடாக்க ஒண்ணே கால், ஒண்ணரை லட்சம் ஜூல் செலவாகும். இத்தனை லட்சம் செலவழிச்சும் ஒவ்வொரு மூலக்கூறு கையிலயும் ஏறினது 0.003 எலெக்ட்ரான் வோல்ட். அடி மாட்டு விலைகூட இல்லை.

ஆனா எல்லார் கையிலயும் ஒரே அளவு சில்லறை இருக்காது. சிலர்கிட்ட கூட இருக்கும். 0.2 எலெக்ட்ரான் வோல்ட் திரட்டி வச்சிருக்கிற வாய்ப்பு அறை வெப்பத்துல பத்தாயிரத்துக்கு 4 பக்கம். 65 டிகிரியில 10 பக்கம். ரெண்டரை மடங்கு. கயிறு முறுக்குல ஒரு கட்டு அவிழ்ந்தா பக்கத்துக் கட்டும் சேர்ந்து அவிழும், அதனால தோல் படார்னு சுருங்குது. அதே 65 டிகிரியில ஒருத்தர் கையில 3.6 சேர்ற வாய்ப்பு? தசமப் புள்ளிக்குப் பிறகு 53 பூஜ்யம் போட்டு அப்புறம் ஒரு எண். நடக்காத காரியம். அதனாலதான் தோல் சுருங்குது, ஆனா இழை அறுந்து தூளாகறதில்லை. குரோம் என்ன பண்ணுதுன்னா, இழைக்கும் இழைக்கும் நடுவுல கூடுதலா உறுதியான முடிச்சு போடுது. சில்லறைக்கு அந்த முடிச்சு அவிழாது.

இப்ப சிகிச்சை ரூமுக்குத் திரும்புவோம். அங்க வர்றது சில்லறை இல்லை, 20 லட்சம், 60 லட்சம்னு கத்தை கத்தையான நோட்டு. ஒரு எக்ஸ்ரே துகள் சதைக்குள்ள ஒரு எலெக்ட்ரானை அடிச்சுக் கிளப்பும். அது போற வழியெல்லாம் மத்த அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்ச்சுக்கிட்டே ஓடும். ஒரு தடவை பிய்க்க சராசரியா 30-லிருந்து 34 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். கார்பன் பிணைப்பு 3.6-தானேன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. இது ஒன்பது பத்து மடங்கு.

2 கிரேன்னா கிலோவுக்கு 2 ஜூல், அதாவது 1.25 × 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட். ஒரு செல்லோட எடை சுமார் ஒரு நானோகிராம். அப்ப ஒரு செல்லுக்கு வர்ற பங்கு ஒண்ணே கால் கோடி எலெக்ட்ரான் வோல்ட். 33-ஆல வகுத்தா, ஒரு செல்லுக்குள்ள நாலு லட்சம் தடவை கிட்ட எலெக்ட்ரான் பிய்க்கப்படுது. பெரும்பாலும் அது தண்ணி மூலக்கூறுல நடக்கும், அதிலிருந்து வர்ற துண்டுகளும் டி.என்.ஏ.வைத் தாக்கும். கடைசியில ஒரு கிரேக்கு டி.என்.ஏ.வோட ரெண்டு இழையும் சேர்ந்து அறுபடறது செல்லுக்கு 35, 40 இடத்துல. 2 கிரேக்கு 70, 80. இந்த ரெட்டை அறுப்புதான் செல்லுக்கு உண்மையான தலைவலி. நல்ல செல் ஒரு நாள்ல இதைப் பெரும்பாலும் தச்சுக்கும். பல புற்றுச் செல்லுங்களுக்கு அந்தத் தையல் வேலை அவ்வளவு சரியா வராது. அதனாலதான் 50 கிரேயை ஒரே நாள்ல கொட்டாம 25 நாளாப் பிரிக்கிறாங்க.

மூணாவது நாலாவது வாரத்துல அம்மாவுக்குத் தோல் சிவக்கலாம், எரியலாம். "வெந்து போச்சு, சொன்னேனே"ன்னு யாராவது பக்கத்து வீட்டுல சொல்வாங்க. அது சூட்டால வந்ததில்லை, வெயில்ல கருத்துப்போற மாதிரி செல் சேதத்தால வர்றது. வெயிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியிற ஒளி 2, 3 எலெக்ட்ரான் வோல்ட். தோலைக் காயப்படுத்துற புறஊதா 4 பக்கம். அதனால சூட்டுக்குப் போடற வைத்தியம், ஐஸ், எண்ணெய், மஞ்சள்னு நீங்களா எதையும் போடாதீங்க. அங்கயே நர்ஸ்கிட்ட காட்டுங்க.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இந்த எபிசோட் போட்டா இதுதான் கமென்ட்ல வரும். செல்ஃபோன் டவர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில ஒரு துகளுக்கு 0.0000074 எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பச் சில்லறையே 0.0257. பிணைப்பை அறுக்கிற வேலை அதால ஆகாது. ரொம்பக் கூடுதலா இருந்தா சூடாக்கலாம், அதுக்குத் தனியா வரம்பு இருக்கு. இதுக்கு மேல டவரைப் பத்தி இன்னிக்கு வேண்டாம்.

கடைசியா குழந்தை. இதுக்கும் பதில் எலெக்ட்ரான் வோல்ட்லதான் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கும் இதுதான். அம்மா உடம்பு கதிர் விடணும்னா, உடம்புல இருக்கிற அணுவோட கரு மாறணும். எலெக்ட்ரானைப் பிய்க்கிறது வேற, கருவிலிருந்து நியூட்ரானைப் பிய்க்கிறது வேற. உடம்புல பெரும்பகுதி ஆக்ஸிஜனும் கார்பனும். ஆக்ஸிஜன் கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிய்க்க 15.7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வேணும். கார்பனுக்கு 18.7. நைட்ரஜனுக்கு 10.6. நம்ம மெஷின் அதிகபட்சமே 6. பூட்டுக்குச் சாவி பத்தலை, எத்தனை கோடி துகள் வந்தாலும் பத்தலைதான். ரெண்டு பேர் சேர்ந்து மூணு மூணு போட்டுத் திறக்கிற கணக்கு இங்க இல்லை.

மெஷினை அணைச்சதும் எக்ஸ்ரே நின்னுடும், டியூப் லைட்டை அணைச்சா ரூம்ல வெளிச்சம் தங்காத மாதிரி. கோபால்ட் மெஷினா இருந்தாலும் இதேதான்: அதுல வர்ற காமா கதிர் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். கதிர் விடற பொருள் மெஷினுக்குள்ளயே இருக்கும், அம்மாவோட வீட்டுக்கு வராது. ஆக, வெளியிலிருந்து கதிர் கொடுக்கிற இந்தச் சிகிச்சையில அம்மா குழந்தையைத் தூக்கலாம், பக்கத்துல படுக்க வச்சுக்கலாம். கைவலி, களைப்பு இருந்தா அது வேற விஷயம். தைராய்டுக்கு அயோடின் குடிக்கக் கொடுக்கிறதும், கதிர் விடற விதையை உடம்புக்குள்ளயே விட்டு வைக்கிறதும் வேற வகை. அதுல கதிர்ப்பொருளே உடம்புக்குள்ள இருக்கும், அவங்களுக்குத் தனியா நாள் கணக்குச் சொல்லித்தான் அனுப்புவாங்க. அம்மாவுக்கு எந்த வகைன்னு ஃபைலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. 6 எம்.வி.ன்னு இருக்கிறதைப் பார்த்தா வெளிக் கதிர்தான்.

அடுத்த வாரம் ஆம்பூரிலிருந்து வந்த இன்னொரு கேள்வி: போர்த்தண்ணியில டி.டி.எஸ். 2000-ன்னு மீட்டர் காட்டுதே, அதுல என்னதான் கரைஞ்சிருக்குன்னு. அதோட வர்றேன்.